கனம் கயிற்றில்தான்

எங்கள் கீழப்பாவூர்க் குளக்கரையில் தூண்டில் போடுகிற பையன்களின் முதலீட்டைக் கூட்டிப் பார்த்தால் ஒரு சினிமா டிக்கெட் விலைக்குக் காணாது. மூங்கில் குச்சி ஒன்று. அதுவும் யார் வீட்டுப் படலிலோ உருவியது. நரம்பு கொஞ்சம், முள் இரண்டு, மிளகு அளவு ஈயம். தக்கைக்குத் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு இருக்கிறது. பிளேடால் விரல்நுனி அளவு அறுத்து நடுவில் ஓட்டை போட்டால் ஆயிற்று. இரையை மடைக்குக் கீழே வாய்க்கால் சேற்றில் தோண்டிக்கொள்ளலாம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் ஒரு கோர்வை கெண்டையும் சிலேபியும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தங்கை பேரனுக்கு இதெல்லாம் தெரியாதது அல்ல. பள்ளி விடுமுறைகளில் இதே கரையில் சேறு மிதித்தவன்தான். ஆனால் வேலைக்குப் போய், கையில் காசு புரள ஆரம்பித்த பிறகு, அவனுக்கு ஃப்ளை ஃபிஷிங் மேல் ஆசை வந்துவிட்டது. பனிமலை அடிவாரத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு மஞ்சள் கயிற்றைக் காற்றில் வளையமாகச் சுழற்றிச் சுழற்றி வீசுகிற வெள்ளைக்காரர்களின் வீடியோக்களை நாளெல்லாம் பார்த்திருக்கிறான். ஒரு ராத்திரி எனக்கு வாட்ஸப்பில் பட்டியல் ஒன்றை அனுப்பினான். ராடு, ரீல், நெஞ்சுவரை ஏறும் ரப்பர் கால்சட்டை, அதற்கென்று தனி பூட்ஸ், உடம்பெல்லாம் பை வைத்த மேல்சட்டை, கண்ணாடி, வலை, இருநூறு ஃப்ளை அடங்கிய பெட்டி. மொத்தம் முக்கால் லட்சத்துக்கு வந்திருந்தது. “தாத்தா, ஆரம்பிக்க இது போதும்லா?” என்று கீழே ஒரு கேள்வி.

பட்டியலில் பாதித் தொகையை ரீல் தின்றிருந்தது. ஃப்ளை லைன் என்கிற அந்தக் கயிறு கடைசி வரியில் கிடந்தது, கடையில் இருப்பதிலேயே மலிவானதாக. எனக்குச் சிரிப்பு வந்தது. அவனைப் பார்த்து மட்டும் வந்த சிரிப்பல்ல. எங்கள் தெருவில் வீடு கட்டுகிறவர்கள் முகப்புக்கு கிரானைட் ஒட்டுவதற்குச் செலவழிக்கிற காசை அஸ்திவாரத்துக்குச் செலவழிக்க அழுவதை வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிவதற்குக் காசு தாராளமாக வருகிறது. சுமை தாங்குகிற இடத்துக்கு வரும்போதுதான் கை இறுகுகிறது.

இந்த விஷயத்தில் என்னிடம் கேட்க அவனுக்கு ஒரு காரணம் உண்டு. மின்வாரியத்தில் வேலை பார்த்தபோது நீலகிரியில் குந்தா திட்டத்தில் சில வருஷங்கள் இருந்தேன். கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நாட்டு உதவியோடு 1956-இல் தொடங்கிய வேலை அது. அவலாஞ்சி, எமரால்டு அணைகளெல்லாம் அதில் வந்தவை. அந்தக் குளிரில் ஞாயிற்றுக்கிழமையை ஓட்டுவதற்குச் சீட்டு அல்லது தூண்டில், இரண்டில் ஒன்றுதான் கதி. மீன்வளத் துறையில் காவலராக இருந்த ஒரு பெரியவர், ஏதோ துரை விட்டுப்போன பழைய மூங்கில் ராடு ஒன்றை வைத்துக்கொண்டு எனக்கு வீசக் கற்றுக்கொடுத்தார். அவர் சொல்லித் தந்த முதல் பாடத்தையே பேரனுக்கும் சொன்னேன்: “ஏலே, மொதல்ல கயித்த வாங்கு. மிச்சத்த அப்புறம் பாப்போம்.”

காரணம் இதுதான். நம் ஊர்த் தூண்டிலில் கனம் ஈயத்தில் இருக்கிறது. ஈயம் பறக்கிறது, நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. கல்லெறிவது மாதிரியான வேலை. பத்து வயதுப் பையனுக்கு ஒரே நாளில் வந்துவிடும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டியிருப்பது ஒரு பூச்சியின் பொய்யுருவம். இறகு, நூல், கொஞ்சம் ரோமம். ஊதினால் பறந்துவிடும். அதை எறிந்து பார்த்தால் காலடியில்தான் விழும். ஆகவே கனத்தைக் கயிற்றில் ஏற்றி வைத்தார்கள். பிளாஸ்டிக் பூச்சு பூசிய, ஏறக்குறைய 90 அடி நீளக் கயிறு. அதன் முன்பகுதி தடித்திருக்கும், பின்பகுதி மெலிந்திருக்கும். நாம் வீசுவது அந்தக் கயிற்றை. அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு ஃப்ளை ஓசியில் பயணம் போகிறது.

கயிறுகளுக்கு எண் உண்டு. முன்பகுதி முப்பதடியின் எடைதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது. 5-ஆம் எண் கயிறு என்றால் அந்த முப்பதடி 140 கிரெயின், அதாவது 9 கிராம் சொச்சம். 8-ஆம் எண் 210 கிரெயின், 13 கிராமுக்கு மேல். ராடின் மேலும் இதே எண்தான் எழுதியிருக்கும். 5-ஆம் எண் ராடு என்றால் 5-ஆம் எண் கயிற்றின் எடையில்தான் அது சரியாக வளைந்து நிமிரும். எண் பொருந்தாத கயிற்றைக் கோத்தால் எவ்வளவு விலை கொடுத்த ராடும் வெறும் குச்சி. மலிவான ராடோடு நல்ல கயிறு ஒத்துப்போகும். விலையுயர்ந்த ராடோடு மட்டமான கயிறு மல்லுக்கு நிற்கும்.

ரீலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சின்ன மீன் பிடிக்கிறவனுக்கு அது கயிறு சுற்றி வைக்கிற உருளை, அவ்வளவே. மீனை இழுப்பது கையால், கயிற்றைப் பிடித்து. பெரிய மீன் ஓடும்போது தடுக்கிற பிரேக்குக்காகத்தான் ரீலில் விலை ஏறுகிறது. கீழப்பாவூர்ச் சிலேபி எந்த ரீலையும் ஓடவிட்டதில்லை.

ராடுக்கு வருவோம். உலகத்தில் எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் தொடங்குகிறவனுக்கு ஒன்பதடி நீளம், 5-ஆம் எண் என்பார். மலையோடைக்கு அது சரி. நம் பக்கத்துக்கு நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் அடிக்கிற காற்று எப்படிப்பட்டதென்று தென்காசி, பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சும்மாவா இத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்? அந்தக் காற்றில் 5-ஆம் எண் கயிறு திரும்பி வந்து வீசுகிறவன் கழுத்தையே சுற்றும். 6 அல்லது 7 வேண்டும். பிறகு விரால் மேல் ஆசை வந்து, அல்லியும் பாசியும் படர்ந்த இடத்தில் தவளை மாதிரி ஒரு பெரிய ஃப்ளையைப் போட நினைத்தாலும் 7-ஆம் எண் கைகொடுக்கும். நாலு துண்டாகக் கழன்று பைக்குள் அடங்குகிற ராடாக இருந்தால் பஸ்ஸில் கொண்டு வரலாம். மற்றதெல்லாம் பெயிண்டும் பேரும்.

கயிற்றின் நுனியில் நேராக ஃப்ளையைக் கட்ட முடியாது. தடித்த கயிறு தண்ணீரில் விழுவதைக் கண்டால் மீன் ஓடிவிடும். நடுவில் லீடர் என்று ஒன்பதடிக்கு ஒரு நரம்பு வருகிறது. கயிற்றோடு சேருமிடத்தில் தடித்து, போகப் போக மெலியும். வீச்சின் வேகம் தடித்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கத்துக்கு இறங்கி, கடைசியில் ஃப்ளையை மெதுவாகத் தண்ணீர்மேல் இறக்கிவிடும். அதன் முனையில் டிப்பெட் என்று இன்னும் மெலிசாக ஓரிரண்டு அடி. இதன் தடிமனுக்கு ஒரு விசித்திரக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: எக்ஸ் குறியோடு வருகிற எண்ணைப் பதினொன்றிலிருந்து கழித்தால் அது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று தெரியும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு. எண் ஏற ஏற நரம்பு மெலிகிறது. நம் குளத்துக்கு 3எக்ஸ், 4எக்ஸ் போதும். முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உரசுகிற சூட்டில் அது வெந்து, மீன் கடிக்கும்போது அந்த இடத்தில் விட்டுவிடும். பையன்கள் இதை யாரும் சொல்லாமலே செய்கிறார்கள். முள் கட்டுகிறபோது பார்த்தால் நரம்பு வாய்க்குள் இருக்கும்.

பேரன் ஆடியில் வந்தான். சாரல் விழுந்து குற்றாலத்தில் கூட்டம் நெரித்துக்கொண்டிருந்தது. உடன் வந்த சேக்காளிகள் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் போக, அவனை நான் விடியற்காலையில், காற்று எழுவதற்கு முன்னால், ஊருக்கு வெளியே புல் நிறைந்த பொட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குளத்தில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. தண்ணீர் இல்லாததும் நல்லதுக்குத்தான். தண்ணீரைக் கண்டால் மீன் ஞாபகம் வந்துவிடும், கை படிக்காது.

முள்ளே கட்டவில்லை. லீடர் முனையில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். முப்பதடிக் கயிற்றைப் புல்லில் நீட்டிப் போட்டு, ராடை மெதுவாகத் தூக்கி, கடிகாரத்தில் இரண்டு மணி முள் நிற்கிற கோணத்தில் பின்னால் நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ராடு நின்ற பிறகுதான் கயிறு பின்னால் பறக்க ஆரம்பிக்கிறது. அது முழுக்க நீளும்வரை கை சும்மா இருக்க வேண்டும். நீண்டு, ராடின் நுனியை லேசாகப் பின்னால் இழுக்கிற அந்தக் கணத்தில் முன்னால் தள்ளி, பத்து மணிக் கோணத்தில் மறுபடி நிறுத்த வேண்டும். முதல் நாள் வீசுகிற எல்லோரும் அந்தக் காத்திருப்பைத் தின்றுவிடுகிறார்கள். கயிறு பின்னால் இன்னும் வளைந்திருக்கும்போதே முன்னால் அடித்துவிடுவார்கள். சடக்கென்று சாட்டை சொடுக்குகிற சத்தம் கேட்கும். கம்பளி நூல் பிய்ந்து பறந்திருக்கும். ஃப்ளை கட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

அவன் சொடுக்கிக்கொண்டே இருந்தான். மேய்ச்சலுக்கு ஆடு ஓட்டி வந்த அம்மாள் ஒருத்தி, பாம்பு அடிக்கிறார்களாக்கும் என்று ஒதுங்கிப் போனாள். “பலத்தக் காட்டாதடே, இது மம்மட்டி வேலை இல்ல” என்றேன். கேட்கவில்லை. வாலிபன் கை, பலத்தைத்தான் காட்டும். கடைசியில், தலையைத் திருப்பிப் பின்னால் போகிற கயிற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வீசச் சொன்னேன். பந்தயத்துக்கு வீசுகிறவர்கள்கூட இப்படிப் பார்க்கிறார்கள், தப்பில்லை. மஞ்சள் கயிறு ஆகாயத்தில் ஒரு வளையமாகப் போய், அந்த வளையம் அவிழ்ந்து அவிழ்ந்து நேரானதை அவன் பார்த்தான். அதற்கப்புறம் கை தானாகக் காத்திருந்தது. நாக்கு சொல்லிப் புரியாததைக் கண் ஒரு தடவையில் புரிந்துகொண்டது.

கயிற்றைப் பேணுவது பற்றியும் ஒரு வார்த்தை. காரின் பின்பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்தினால் பூச்சு வெடித்துவிடும். கொசுவுக்குத் தடவுகிற களிம்பு கையில் இருந்தாலும் அந்தப் பிளாஸ்டிக்கை அரிக்கும். வாரத்துக்கு ஒரு தரம் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். தார் ரோட்டில் வீசிப் பழகக் கூடாது. தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். அவன் பட்டியலில் அவை இரண்டும் சரியாகத்தான் இருந்தன. காற்று வலது பக்கத்திலிருந்து அடிக்கும்போது வலக்கையால் வீசுகிறவனின் காது, அவன் மீனுக்குப் போட்ட முள்ளுக்கு முதல் இரை.

இருநூறு ஃப்ளை அடங்கிய பெட்டியைப் பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஒவ்வொன்றையும் ஃபோனில் பெரிதாக்கிக் காட்டினான். அதில் பாதிக்குமேல் உடம்புப் பகுதி பளபளவென்று பச்சையும் செம்பும் கலந்து மினுங்கியது. என்னவென்று நினைக்கிறீர்கள்? மயில் பீலி. ஃப்ளை கட்டுகிறவர்களுக்கு உலகம் முழுக்க மயில் பீலி இல்லாமல் ஆகாது; தண்ணீருக்குள் அந்த மினுக்கம் நிஜப் பூச்சியின் முதுகு மாதிரியே தெரியும். எங்கள் ஊரில் உளுந்து விதைத்தவன் விடிகிற முன்னால் எழுந்து தகரம் தட்டி விரட்டுவது அந்த மயிலைத்தான். வரப்பில் உதிர்ந்து கிடக்கிற பீலியை ஆடு மேய்க்கிற பிள்ளைகள் பொறுக்கிப் புத்தகத்தில் வைக்கிறார்கள். அதைக் கடல் கடந்து ஒரு சின்ன முள்ளில் சுற்றி வாங்கப் பார்க்கிறான் பேரன்.

இன்னொன்றும் உண்டு. சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில், மெழுகு சொட்டிக் காய்ந்தது போல வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி இருக்கும். குற்றாலத்து மலையிலும் அந்தப் பறவை இருக்கிறது. விடியற்காலையில் கூவுவது கேட்டிருப்பீர்கள். சால்மன் மீனுக்குக் கட்டுகிற ஆடம்பர ஃப்ளைகளில் கண்ணாக வைப்பது அந்த இறகைத்தான். அதற்காகவே வெள்ளைக்காரர்கள் காலத்தில் இங்கிருந்து தோல் தோலாகக் கப்பலேறியது. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தப் பறவைமேல் கை வைக்க முடியாது. இங்கிலாந்தில் இப்போது பண்ணையில் வளர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

பேரனுக்கு நான் கட்டிக் காட்டியது வீட்டுச் சேவலின் கழுத்திறகு, உதிர்ந்த மயில் பீலி, தையல் நூல் ஆகிய மூன்றையும் வைத்துத்தான். முள்ளில் பீலியைச் சுற்றி உடம்பாக்கி, கண்ணுக்கு அருகே இறகின் தண்டைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினால், மயிர்கள் நாலாபக்கமும் கால் கால்களாக விரியும். இந்த வேலை புதிதும் அல்ல. ரோமாபுரிக் காலத்து எழுத்தாளர் ஏலியன், மாசிடோனியா ஆற்றோரத்து மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே இருக்கிற இறகுகள் இரண்டைக் கட்டி மீன் பிடித்ததைப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். ஆறடிக் கழி, ஆறடிக் கயிறு. அவர்களுக்கும் யாரும் பட்டியல் அனுப்பவில்லை.

ரப்பர் கால்சட்டைக்கு வருகிறேன். அது குளிர்ந்த நீருக்கானது. டிரவுட் என்கிற மீன் குளிர்ந்த, ஓடுகிற தண்ணீரில்தான் வாழும். வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினால் தவிக்கும். அந்த மீனுக்காகத்தான் ஃப்ளை ஃபிஷிங்கே இந்த அளவு வளர்ந்தது. நீலகிரிக்கு வந்த துரைமார்கள் ஓடைகளைப் பார்த்தார்கள், ஊர் ஞாபகம் வந்தது, மீனை மட்டும் காணவில்லை. 1860-களில் ஃப்ரான்சிஸ் டே என்ற துரை கொண்டுவந்து விட முயன்றார், நிலைக்கவில்லை. மீன் வருமுன்பே 1879-இல் நீலகிரி வேட்டைப் பிராணிகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது! 1906-07 வாக்கில் சென்னை அரசாங்கத்தின் மீன் நிபுணர் எச்.சி. வில்சன் இலங்கை மலையிலிருந்து வானவில் டிரவுட்டைக் கொண்டுவந்து, அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டி, ஓடைகளில் விட்டார். மூணாறு மேட்டிலும் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் அதையே செய்தார்கள். நான் லைசென்ஸ் வாங்கிப் பிடித்ததெல்லாம் அந்தப் பரம்பரைதான். வந்தேறி மீன், நம் ஓடையின் சொந்தச் சிறுமீன்களையும் தின்று வளர்வது. பிடித்து வறுத்துத் தின்றதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

அந்தத் துரைமார்களிலேயே நம் தண்ணீரைப் புரிந்துகொண்டவர் என்றால் ஹென்றி சலிவன் தாமஸைச் சொல்வேன். சென்னை ராஜதானியில் அதிகாரியாக இருந்தவர். 1873-இல் இந்திய மீன்களைத் தூண்டிலில் பிடிப்பது பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 1887-இல் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொன்று. இங்கே டிரவுட் இல்லையே என்று ஏங்காமல், இருக்கிற கெண்டையை மதித்து உட்கார்ந்து எழுதின மனுஷர். வெதுவெதுப்பான குளத்தில் நிற்க வேட்டியை மடித்துக் கட்டினால் போதாதா? கால்சட்டையும் பூட்ஸும் பட்டியலிலிருந்து போயின. கைக்குக் குறடு ஒன்று சேர்ந்தது, முள்ளின் கொக்கிப் பல்லை நசுக்கிவிடுவதற்கு. பல் இல்லாத முள் மீன் வாயிலிருந்தும் சுலபமாக வரும், நம் விரலிலிருந்தும் வரும்.

பிடிக்கக் கூடாத இடங்களையும் சொல்லி வைத்தேன். குற்றாலத்துக்கு மேலே காடு வனத்துறையின் கையில். பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், 1988 முதல். அங்கெல்லாம் ராடைத் தூக்கிக்கொண்டு போனால் வழக்குத்தான் மாட்டும். மாசீர் என்கிற பெரும் மலைக் கெண்டை பிடிக்கிற கனவு இந்தப் பையன்கள் எல்லோருக்கும் உண்டு. 1946-இல் கபினி ஆற்றில் மைசூர் வான் இங்கன் குடும்பத்தில் ஒருவர் 120 பவுண்டு மாசீரைத் தூண்டிலில் பிடித்தார். காவிரியின் அந்தத் திமில் மாசீர் இனம் 2018-இல் அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் ஏறிவிட்டது. அந்தக் கனவைப் பேரன் கொஞ்ச காலம் பெட்டியில் வைத்திருக்கட்டும்.

குளத்து மீனுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். மீன்பாசி ஏலத்தில் குத்தகை எடுத்தவரைக் கேட்காமல் கரையில் இறங்கக் கூடாது. பையன்களின் மூங்கில் குச்சியை அவர் கண்டும் காணாமல் விடுகிறார் என்பதற்காக, பெங்களூர் ராடுக்கும் அதே சலுகை உண்டென்று எடுத்துக்கொள்ள முடியாது.

தைப்பொங்கலுக்கு அவன் மறுபடி வந்தபோது ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பி, மறுகால் பாய்ந்து ஓய்ந்திருந்தது. நரசிங்கப் பெருமாள் கோயில் பக்கத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் முழுக்க நாமக்கோழியும் முக்குளிப்பானும். நீர்க்காகங்கள் கருவேல மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. முதல் காரியமாக, பறவை இல்லாத ஓரமாகப் பார்த்து நிற்கச் சொன்னேன். வெட்டிப் போட்ட நரம்புத் துண்டு எதுவும் கரையில் கிடக்கக் கூடாது, சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னேன். கால் கட்டிச் செத்த கொக்கை ஒரு தரம் பார்த்தவர்களுக்கு இதை இரண்டாம் தரம் சொல்ல வேண்டியதில்லை.

பீலிப் பூச்சியைப் போட்டான். மடைச் சுவர் நிழலில் விழுந்தது. மூழ்க விட்டு, இடக்கையால் நாலு விரற்கடை, நாலு விரற்கடையாகக் கயிற்றை இழுத்தான். மஞ்சள் கயிற்றின் நுனி ஒரு துடி துடித்தது. உள்ளங்கை அளவு சிலேபி. 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்து விட்டு, இன்றைக்கு எந்தக் குட்டையிலும் நீக்கமற நிறைந்திருக்கிற மீன். இவனோ திமிங்கலம் பிடித்த மாதிரி ஃபோட்டோ எடுத்துக்கொண்டான். எடுக்கட்டும், அவன் வீசிப் பிடித்தது.

இவ்வளவையும் குத்தகைக்காரர் கரைமேல் பைக்கை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வீச்சு வலை போட்டே உரம் ஏறின தோள். இறங்கி வந்தார்.

“அண்ணாச்சி, அத ஒருக்க தாருங்க, பாப்போம்.”

பேரன் தயங்கித்தான் கொடுத்தான். அவர் ராடைப் பார்க்கவே இல்லை. கயிற்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டி, முன்பகுதி எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று தடவிப் பார்த்தார். முதல் வீச்சு குலைந்தது. இரண்டாவதில் கையைப் பின்னால் நிறுத்தி, நின்றார். கயிறு நீண்டது. முன்னால் விட்டார், நாணல் மேட்டுக்கு அந்தப் பக்கம், பேரன் எட்ட முடியாத தூரத்தில், நேராகப் போய் இறங்கியது.

“எப்பிடி அண்ணே?” என்றான் பேரன், முகம் சுண்டிப் போய்.

“வலைன்னா கனம் மணியில இருக்கும், தம்பி. இதுல கயித்துல இருக்கு. கனம் போற வரைக்கும் வுட்டுட்டு நிக்கணும், வேற ஒண்ணுமில்ல.” ராடைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “இத வச்சு ஒரு நாளைக்கி எம்புட்டு மீன் புடிக்கலாம், அண்ணாச்சி?”

“கை நல்லாப் பழகுனவன்னா மணிக்கு ரெண்டு மூணு. இவனுக்கு இன்னைக்கி பூராவும் அந்த ஒண்ணுதான்.”

அவர் பையிலிருந்த சிலேபியை எட்டிப் பார்த்தார். பைக்கை எடுக்கப் போனவர் நின்று, கரைமேலிருந்தே சத்தம் கொடுத்தார்: “தம்பி, நீ எப்ப வேணும்னாலும் வா. எங்கிட்ட கேக்கக்கூட வேண்டாம்.”